தாம்பூலத்தில் போன ரேடியோலேரியா

மூடியைத் தூக்கியதும் முதலில் வந்தது வாசனைதான். பழைய பஞ்சு, ‘பாச்சா உருண்டை’, அதற்கடியில் கண்ணைக் கரிக்கும் ஃபார்மலின், எல்லாம் சேர்ந்து மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு நொடியில் கல்லூரி ஆய்வகமாக்கிவிட்டன. மறுநாள் சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "ஏண்டி சாந்தா, கொலு வைக்கற நேரத்துல ஆத்துக்குள்ள என்ன மீன் நாத்தம்?" என்றாள்.

"இது கண்ணாடி மன்னி. கண்ணாடிக்கு ஏது நாத்தம்? பக்கத்து அலமாரியில சுறாக்குட்டி இருந்தது, அதோட வாசனை ஒட்டிண்டு வந்திருக்கு" என்று அம்மா சமாதானம் சொன்னாள். பெரியம்மா சமாதானமாகவில்லை.

அம்மா பஞ்சை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பாயின் மேல் வைத்தாள். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கண்ணாடிப் பந்து. அதற்குள் இன்னொரு பந்து. அதற்குள்ளும் மிளகு அளவில் ஒன்று. மூன்றையும் துளைத்துக்கொண்டு நாலா பக்கமும் நீளும், தலைமுடியை விடக் கொஞ்சமே தடித்த முட்கள். இன்னொன்று கோயில் மணி போலக் கவிழ்ந்து மூன்று கால்களில் நின்றது. வேறொன்று பறவைக் கூண்டு, ஆனால் கதவில்லாதது. ஒவ்வொன்றும் கறுப்பு வண்ணம் பூசிய சிறு மரக்கட்டையில் மெல்லிய கம்பியால் பொருத்தப்பட்டிருந்தது. விரல் நகத்தால் யாராவது பக்கத்துத் தரையைத் தட்டினால்கூட முட்கள் நடுங்கின. அந்த நடுக்கத்தைப் பார்த்தபோது அவை உயிரோடு இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அவை உயிர்களின் உருவங்கள்தான். ரேடியோலேரியா என்று பெயர். கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிரிகள். நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க முடியாத அளவுக்குச் சிறியவை. கடல் நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தமக்கு ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. கண்ணாடிக்கும் மூலப்பொருள் அதே சிலிக்காதான். ஆக, இயற்கை கண்ணாடியில் சிறிதாகச் செய்ததை மனிதன் கண்ணாடியிலேயே பெரிதாகச் செய்து காட்டியிருக்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஒரு தந்தையும் மகனும் இப்படிக் கடல் உயிர்களைக் கண்ணாடியில் செய்து, விலைப்பட்டியல் அச்சடித்து, உலகமெங்கும் உள்ள அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பி வந்தார்கள் என்று பின்னாளில் படித்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டி அவர்கள் கைவேலைதான் என்று சொல்ல ஆசை. சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மரக்கட்டைகளின் அடியில் சாய்ந்த எழுத்தில் ஜெர்மன் சீட்டுகள் ஒட்டியிருந்தன என்பது மட்டும் நிச்சயம். கல்லூரியில் எல்லோரும் அவற்றை ‘வெள்ளைக்காரி பிரின்சிபல் காலத்துச் சாமான்’ என்றே சொன்னார்கள்.

ஆண்டைக் குறிப்பிடாமல் எதையும் எழுதக் கூடாது என்பது என் வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் அம்மா ஓர் ஆண்டைச் சொன்னாள், பெரியம்மா அதற்கு முந்தைய ஆண்டைச் சொன்னாள், அப்பா இருவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல் "ரெண்டுல ஏதோ ஒண்ணு" என்றார். என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தவை இவை: பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்கான தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன, எங்கள் வீட்டுக்கு இன்னும் தொலைபேசி வரவில்லை, எனக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. தொண்ணூறுகளின் முற்பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தாள். ஆய்வகத்தை ஒட்டி இருந்த சிறிய காட்சியறையின் கூரை ஒழுகத் தொடங்கியதால், நவராத்திரி விடுமுறையில் அதைப் பழுதுபார்க்க முடிவாயிற்று. பாம்பும் சுறாவும் மிதந்த பாட்டில்களை நடையில் வரிசையாக வைத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியை மட்டும் எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கொத்தனார்கள் நடமாடும் இடத்தில் அதை விட்டுவைக்கத் துறைத் தலைவிக்கு மனமில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "உன்னை நம்பித் தரேன் சாந்தா. காலேஜ் திறக்கற அன்னைக்கு என் மேஜை மேல, என் கண் முன்னாடி பெட்டியைத் திறக்கணும்" என்றார். அம்மா அப்போது தற்காலிக ஆசிரியை. வருஷா வருஷம் நீட்டிப்பு வாங்கி வேலை பார்த்தவளை அந்த முறை நிரந்தரமாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பரிந்துரைக்க வேண்டியவர் அந்தத் துறைத் தலைவியேதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்த அம்மா, வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டுநரிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லி, கடைசியில் அவர் "இன்னாம்மா, பெட்டிக்குள்ள கொயந்தையா கீது?" என்று கேட்டாராம்.

பெட்டி வந்துவிட்டது. எங்கே வைப்பது? பெரியப்பா குடும்பமும் நாங்களும் சேர்ந்து இருந்த வீடு அது. பரணில் எலி, அலமாரிகளில் ஆளுக்கொரு கை நுழையும், கட்டிலுக்கடியில் என் பெரியப்பா பையன்களின் கிரிக்கெட் மட்டை. அம்மா யோசித்துக் கண்டுபிடித்த இடம் கொலுப்படி. இதைக் கேட்டதும் அப்பாவே கொஞ்சம் திடுக்கிட்டார், ஆனால் அம்மாவின் கணக்கு சரியானது. ஒன்பது நாளும் வீட்டில் யாரும் கைவைக்கத் துணியாத ஒரே இடம் கொலுதான். கலசம் வைத்துப் பொம்மைகளை அடுக்கிவிட்டால் விஜயதசமி வரை ஒரு பொம்மையை அங்குலம் நகர்த்தக்கூடப் பெரியம்மா விடமாட்டாள். பல்லி விழுந்து சாய்ந்த செட்டியார் பொம்மையை நிமிர்த்துவதற்கே ஒரு தடவை பெரியப்பா விளக்கேற்றி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் ரேடியோலேரியாவைக் கொண்டுபோய் வைப்பதுதான் அம்மாவின் திட்டம்.

பெரியம்மா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். "தசாவதாரத்துக்குக் கீழதான் வைக்கணும். பேர் என்ன சொன்னே? வேண்டாம், சொல்லாதே. கேக்கறவாகிட்ட கடல்ல இருக்கற பூன்னு சொல்லிக்கறேன்."

அப்படியே வைத்தார்கள். பின்னால் சின்ன பல்பு வரிசையைச் செருகி விளக்குப் போட்டதும் மச்சாவதாரத்துக்குக் கீழே ஒரு கடலே எழுந்து நின்ற மாதிரி இருந்தது. அந்த வருஷம் மாட வீதிகளைச் சுற்றி யார் வீட்டுக் கொலுவும் எங்கள் கொலுவுக்கு ஈடாகவில்லை என்று நான் இன்றும் நம்புகிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் அந்தக் காலத்துப் புகைப்படத்தோடு வரலாம்.

ஆனால் ஒன்று மட்டும் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் அழகான, பந்துக்குள் பந்துக்குள் பந்து. அதன் கம்பி மரக்கட்டையிலிருந்து கழன்றுவிட்டிருந்தது. படியில் வைத்தால் உருளும் என்று பயந்த அம்மா, காலி மிட்டாய் அட்டைப்பெட்டி ஒன்றில் பஞ்சு பரப்பி, அதைப் படுக்கவைத்து, மேலேயும் பஞ்சு வைத்து மூடி, கூடத்து மர அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பையன்களின் கை எட்டாத உயரம் என்பதுதான் அவள் பார்த்தது. அதே தட்டில்தான் பெரியம்மா ‘வெச்சுக் கொடுக்கற சாமான்’ எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள் என்பதை அவள் கவனிக்கவில்லை.

நவராத்திரியில் வீட்டுக்கு வரும் பெண்களுக்கு மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காயோடு ஒரு சின்னப் பரிசும் சேர்த்துக் கொடுப்பதுதான் ‘வெச்சுக் கொடுக்கறது’. பெரியம்மா அந்த வருஷம் ரங்கநாதன் தெருவில் கண்ணாடிக் கிண்ணங்கள் மொத்தமாக வாங்கி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். கிண்ணங்கள் தீர்ந்துபோன பிறகு, பெரியப்பாவின் அலுவலக நண்பர் மனைவி பத்மா மாமி தி.நகரிலிருந்து பட்டுப்புடவை சரசரக்க வந்து சேர்ந்தாள். அம்மா அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா அலமாரி மேல் கையை விட்டுத் துழாவினாள். ஒரு மிட்டாய்ப் பெட்டி அகப்பட்டது. மூடியை லேசாகத் தூக்கினால் பஞ்சுக்கு நடுவே பளபளவென்று கண்ணாடி. கிண்ணத்தை விட ஒசத்தியாக இருக்கிறதே என்று சந்தோஷமாக எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மா அலமாரியைப் பார்த்தாள். அப்புறம் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"மன்னி, இங்க ஒரு அட்டைப்பெட்டி இருந்ததே?"

"அதா? பத்மாவுக்கு வெச்சுக் கொடுத்துட்டேன்."

"ஐயோ மன்னி! அது காலேஜ் சாமான்!"

"கொலுல இருக்கறதை நான் தொடுவேனா? தொட மாட்டேன். இது கொலுல இல்லையே. தாம்பூல சாமானோட இருந்துது. அதுல என்ன எழுதியா ஒட்டியிருந்தே?"

பெரியம்மாவின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. அவள் சட்டப்படி வீட்டில் இருக்கும் கண்ணாடி இரண்டே வகை: கொலுவில் இருப்பது, கொடுப்பதற்கு இருப்பது. துறைத் தலைவி சொல்லி அனுப்பியதை அம்மா அப்படியே சொன்னாள். விஷயம் முழுதும் தெரிந்தபின் பெரியம்மாவுக்கும் முகம் வெளுத்தது. ஆனாலும் உடனே போய்க் கேட்டு வாங்கி வரலாம் என்று அப்பா சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வெச்சுக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதாவது! கொடுத்த குங்குமத்தைத் தொடைச்சுக் குடுன்னு கேக்கற மாதிரி. ப்ராணனே போனாலும் கேக்கப்படாது."

"ப்ராணன் போகாது மன்னி. என் வேலைதான் போகும்" என்றாள் அம்மா.

இருவரும் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கேட்கக் கூடாது; ஆனால் பார்க்கலாம். பத்மா மாமி வீட்டுக் கொலுவைப் பார்க்கப் போகிற மாதிரிப் போவது. அங்கே பொருள் கண்ணில் பட்டால் பேச்சோடு பேச்சாக அதன் கதையைச் சொல்வது. மாமியே ‘ஐயோ, அப்படியா, எடுத்துண்டு போங்கோ’ என்று சொல்லும்படி செய்வது. பாடுவதற்கு ஒரு பெண் குழந்தை இல்லாமல் கொலு பார்க்கப் போக முடியாது என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கீர்த்தனை, அதிலும் சரணத்தில் பாதி.

சனிக்கிழமை சாயங்காலம், பனகல் பார்க் பக்கத்தில் மாமி வீடு. நான் பாடினேன். மாமி சிரித்த முகத்தோடு பொறுத்துக்கொண்டாள். கொலுவில் ரேடியோலேரியா இல்லை. பெரியம்மா பேச்சை எட்டு ஊர் சுற்றவிட்டு, "நேத்திக்குக் கொடுத்தேனே, அது பிடிச்சுதா பத்மா?" என்று கேட்டாள்.

"ரொம்ப அழகு! பத்திரமா உள்ளே பீரோவுல வெச்சிருக்கேன்" என்றாள் மாமி, கண் இமைக்காமல்.

அதற்குமேல் கேட்க வழியில்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத உண்மை ஒன்று உண்டு: தாம்பூலத்தில் வரும் பரிசு எதுவும் வந்த வீட்டில் தங்குவதில்லை. ரவிக்கைத் துணியும் குங்குமச் சிமிழும் பெட்டி பிரிக்காமலே அடுத்த வீட்டுக்குப் போகும்; அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. ஒரு வருஷம் பெரியம்மா கொடுத்த ரவிக்கைத் துணி ஊரெல்லாம் சுற்றி அதே நவராத்திரியில் அவளுக்கே திரும்பி வந்ததுண்டு. அவளும் அதை ‘அழகா இருக்கே’ என்று வாங்கி உள்ளே வைத்தாள்.

எங்களைக் காப்பாற்றியது மாமியின் சின்னப் பெண். சுண்டலைக் கொறித்துக்கொண்டே, "அந்த முள்ளுப் பந்துதானேம்மா? அதை நீ கார்த்தாலயே அடையாறு லலிதா சித்திக்குக் கொடுத்துட்டியே" என்றாள். மாமி அவளை முறைத்த முறைப்பில் சுண்டலே ஆறிப்போயிருக்கும். நாங்கள் மூவரும் காதில் விழாத பாவனையில் எழுந்து, மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். எங்களுக்கு மாமி கொடுத்தது ஒரு கண்ணாடிக் கிண்ணம். வேறு யார் வழியாகவோ சுற்றி வந்த எங்கள் கிண்ணமேதான் என்று பஸ்ஸில் அம்மா சொன்னாள். பெரியம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாறு. லலிதா, மாமியின் தங்கை, அக்காவைப் போல் இல்லை. எதையும் மறைக்கிற சுபாவம் கிடையாது. நான் பாடி முடிப்பதற்குள்ளாகவே, "அதுவா? ஆத்துல தவழற குழந்தை இருக்கு, இத்தனை முள்ளோட கண்ணாடியை வெச்சுண்டு என்ன பண்றது? நேத்திக்கே வேலைக்கு வர செல்விகிட்டக் கொடுத்துட்டேன்" என்றாள். அம்மா செல்வியின் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டாள். அட்டைப்பெட்டி மூன்று வீடு தாண்டியும் பஞ்சு கலையாமல் போயிருக்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தாலும் வெளியே எடுக்காமல் கைமாற்றும் வழக்கம்தான் அதுவரை அதைக் காப்பாற்றியது. இனி அது கைமாறப் போவதில்லை. யாரோ அதை வெளியே எடுத்துவிட்டிருப்பார்கள்.

செல்வியின் வீடு அடையாற்றின் கரையில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓலையும் தகரமும் சிமெண்டும் கலந்த வீடுகளின் வரிசையில் இருந்தது. மூன்று கல் அடுக்கிய படியில் ஏறி உள்ளே குனிந்தோம். வாசல் வெயில் விழுகிற இடத்தில், ஒரு மரப்பலகை மேல், பெட்டிக்கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய ஜாடி. ஜாடி நிறையத் தண்ணீர். தண்ணீரில் சிவப்பாய் ஒரு சண்டை மீன். மீனுக்குப் பக்கத்தில், நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டு, நடுநீரில் மிதந்துகொண்டிருந்தது எங்கள் ரேடியோலேரியா.

அம்மா ஜாடியருகே போய்க் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளியே பளீரென்று மின்னிய கண்ணாடி, நீருக்குள் பாதி கரைந்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. முட்கள் எங்கே முடிகின்றன என்றே தெரியவில்லை. பந்துக்குள் இருந்த பந்து வெறும் ஒளிக்கோடாகத் தெரிந்தது. மீன் வாலை அசைத்தபோது மொத்தமும் மெதுவாகச் சுழன்றது. இத்தனை வருஷம் அலமாரியில் வைத்து எலும்புக்கூடாகக் காட்டிய ஒன்று, அது வாழ்கிற மாதிரி வாழ்ந்துகொண்டிருந்தது. பிறகுதான் அம்மாவுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த முட்களைப் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய காலத்து வஜ்ஜிரப் பசையால் ஒட்டியிருப்பார்கள். தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும்.

செல்வி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் வயதுதான் இருக்கும். எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பெரியம்மா வழக்கப்படி எட்டு ஊர் சுற்றப் பேச்சை எடுக்குமுன், அம்மா நேராகச் சொல்லிவிட்டாள்.

"அது காலேஜோடது. தெரியாம எங்காத்துலேர்ந்து கைமாறி வந்துடுத்து. திருப்பிக் கொடுக்கலைன்னா என் வேலை போயிடும். எனக்கு அது வேணும்."

நான்கு வீடு சுற்றியதில் அதுதான் முதல் நேரான வாக்கியம். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னா டீச்சர் இது" என்று செல்வி இடுப்பில் கைவைத்தாள். "பூசைக்குக் குட்த்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? நான் வேல செய்யற வூட்டம்மா கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

"மீனு இன்னா பண்ணும்?" என்று அவள் மகள், என்னைவிடச் சின்னவள், ஜாடியைக் கட்டிக்கொண்டாள்.

"மீனு வந்து உன்னாண்ட அய்துச்சா? சும்மா இருடி." செல்வி மறுபடி அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. "வேலைக்கே ஆபத்துன்ற. நான் வேலைக்குப் போறவதான், எனக்குத் தெரியாதா? எட்த்துகினு போ. ஆனா சும்மா தூக்கிக் குட்த்தா நல்லாருக்காது. குந்துங்க. மஞ்சா குங்குமம் வச்சிகினு வாங்கிகினு போங்க."

அம்மா உடனே பாயில் உட்கார்ந்தாள். பெரியம்மா நிலைப்படியிலேயே நின்றாள். எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கொல்லைப்புறமாகத்தான் ‘வெச்சுக் கொடுப்பது’ வழக்கம். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வதைப் பற்றிப் பெரியம்மாவின் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

"இன்னா பெரிம்மா நிக்கிறீங்க, பஸ்ஸா வருது?" என்றாள் செல்வி.

பெரியம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு வந்து, அம்மாவை ஒதுங்கச் சொல்லி, அவள் இடத்தில் உட்கார்ந்தாள். "நகரு சாந்தா. கொடுத்தது நான். வாங்கிக்கறதும் நானாத்தான் இருக்கணும்."

செல்வி ஜாடியில் கைவிட்டு நூலோடு மேலே தூக்கினாள். ஒரு முள் மட்டும் கழன்று ஜாடியின் அடியில் போய்ப் படுத்தது. செல்வி டீ வடிகட்டியைக் கொண்டுவந்து, மீனுக்குத் தொந்தரவு இல்லாமல் முள்ளை அரித்து எடுத்தாள். ஓர் எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு வாழைப்பழம், ஈரம் சொட்டும் கண்ணாடி, தனியாக ஒரு தீப்பெட்டிக்குள் அந்த முள். பெரியம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பெரியம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பாப்பா பாடுமா?" என்று செல்வி கேட்டாள். பாடினேன். கதவருகே கூடியிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளிப்படையாகவே சிரித்தார்கள். அதற்குப் பதிலாகச் செல்வியின் மகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடிக் காட்டினாள், மீனை மறந்துவிட்டாள்.

வாங்கிக்கொண்டால் திருப்பி அழைக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் சட்டம். எழுந்திருக்கும்போதே, "சரஸ்வதி பூஜை அன்னைக்கு நம்மாத்துக்கு வரணும். வாசல் வழியா வா" என்றாள். செல்வி வந்தாள், மகளோடு, வாசல் வழியாக. அந்த வருஷம் மட்டுமில்லை, அதற்குப் பிறகும் பல வருஷம். ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழையும்போதே "இந்த வாட்டி இன்னா எட்த்துகினு போவணும்?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். பெரியம்மாவும் "உன் கண்ணுல படாம எல்லாத்தையும் உள்ளே வெச்சுப் பூட்டியாச்சு" என்பாள்.

கல்லூரி திறந்த அன்று அம்மா பெட்டியைத் துறைத் தலைவியின் மேஜையில் வைத்துத் திறந்தாள். தீப்பெட்டியையும் பக்கத்தில் வைத்தாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணிக்குள்ள எப்படி இருந்தது?" அம்மா விவரித்தாள். முட்கள் கரைந்த விதம், உள்பந்து ஒளிக்கோடான விதம், சுழன்ற விதம் எல்லாவற்றையும் அவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். "இத்தனை வருஷம் அதைத் தண்ணில விட்டுப் பார்க்க எனக்கு தைரியம் வரலையே" என்று சொல்லிவிட்டு, இடுக்கியை எடுத்து அந்த முள்ளைத் தாமே ஒட்டினார். அடுத்த கல்வியாண்டில் அம்மாவின் வேலை நிரந்தரமாயிற்று. அந்தத் துறையின் தலைவியாகவே அவள் ஓய்வு பெற்றாள்; கண்ணாடிப் பெட்டியின் சாவி கடைசிவரை அவளிடம்தான் இருந்தது.

இப்போது அந்தக் காட்சியறை இல்லை. கணினிகள் வந்தபோது அறையைக் காலி செய்தார்கள். பாட்டில்கள் எங்கெங்கோ போயின. கண்ணாடி உருவங்கள் தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. போன நவராத்திரியில் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். குளிரூட்டிய அறை, நல்ல விளக்கு, ‘கண்ணாடிமேல் சாயாதீர்கள்’ என்ற அட்டை. ஒன்றுகூடக் குறையவில்லை. எது உடையும் என்று நாங்கள் நடுங்கினோமோ அது அத்தனை அழகாக இருக்கிறது. காவலுக்கு நின்ற பெண்ணிடம் அம்மா, "இதை ஒரு தடவை நாங்க தாம்பூலத்துல வாங்கிண்டோம்" என்றாள். அவள் மரியாதைக்குச் சிரித்தாள்.

திரும்பும் வழியில் அம்மா அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னாள். செல்வியின் வீடு இருந்த கரையில் கம்பிவேலியும் வரிசையாக நட்ட செடிகளும் இருந்தன. கல்படிகள் இல்லை, ஓலை இல்லை, தகரம் இல்லை. அங்கிருந்தவர்களையெல்லாம் நகருக்கு வெளியே, பெரும்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். போன பிறகும் முதலில் சில வருஷம் செல்வி இரண்டு பஸ் மாறி எங்கள் கொலுவுக்கு வந்தாள். அப்புறம் வரவில்லை. தி.நகர் மாமியின் வீடு துணிக்கடையாகிவிட்டது. பெரியம்மா காலமாகிவிட்டாள், கொலு இரண்டு படியாகச் சுருங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டது.

அம்மா வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவ இத்தனை தரம் நம்மாத்துக்கு வந்தா. நான் அவாத்துக்குப் போனது ஒரே தரம். அதுவும் ஒரு சாமானைத் திருப்பி வாங்கிண்டு வர."

அடுத்த நவராத்திரிக்கு நாமே செல்வி வீட்டுக்குப் போவது என்று முடிவெடுத்தேன். நவராத்திரி வந்துவிட்டது; இந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் பெரும்பாக்கம் போகிறோம். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று தெரியாது. எல்லாக் கட்டடமும் ஒரே நிறம், ஒரே உயரம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறாள். அடையாற்றங்கரையில் இருந்த செல்வி, ஒரு பெண்ணின் அம்மா, நன்றாகக் கிண்டல் பேசுவாள் என்று முதல் வாசலில் சொல்வோம். அங்கே இல்லையென்றால் அடுத்த வாசல். கேட்டால் சொல்வார்கள்.